கயிற்றுக்கு இந்தப் பக்கம்

தண்ணீர் குடிக்கமாட்டோம் என்று அடம்பிடிக்கிற வளர்ந்த பெண்களோடு ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். பிறகு வந்து எனக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்லுங்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலைத் தொழிலாளர்களின் வேலை நிலைமையை மேம்படுத்த வந்த வெளிநாட்டுத் திட்டம் ஒன்றில் நான் கள உத்தியோகத்தர். முதல் காரியமாக, அந்தக் கரையில் மீன் தெரிந்து பிரித்துக் கருவாடு போடும் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நீலத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தோம். மூடியில் திட்டத்தின் சின்னம்கூட இருந்தது. ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால் ஒருத்தி அதில் மண்ணெண்ணெய் வைத்திருக்கிறாள். இன்னொருத்தியின் போத்தலில் நல்லெண்ணெய். பெரியக்கா என்று கரை முழுவதும் கூப்பிடுகிற ஒருவர் மட்டும் உண்மையாகவே தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். நான் பூரித்துப் போனேன். அவர் அதைத் திறந்து கையைக் கழுவிவிட்டு மூடி வைத்தார்.

"குடிக்கேல்லையோ?" என்றேன்.

"குடிச்சால் எங்க பிள்ளை போறது?" என்றார்.

சண்டைக்குப் போவதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. அன்றைக்கு மட்டும் போத்தல்களை எண்ணி எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் கடல் பார்த்து வளர்ந்தவள் இல்லை. வட்டக்கச்சியில் வயல்காரக் குடும்பம் எங்களுடையது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, அறுவடை மெஷின் எப்போது வரும் என்பதைத் தவிர வீட்டில் வேறு கதை இல்லை. பரந்தனில் நின்று முல்லைத்தீவு பஸ் எடுப்பேன். திரும்பி வரும்போது என் பக்கத்துச் சீற்றில் பெரும்பாலும் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அது எனக்கு வசதிதான், காலை நீட்டி நித்திரை கொள்ளலாம். அம்மாவுக்குத்தான் தாங்காது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் இந்த மீன் வெடுக்கோட குசினிக்குள்ள வாறாய், கிணத்தடிக்குப் போடி முதல்" என்று படலையடியிலேயே தொடங்கிவிடுவார்.

திட்டத் தலைவி ஒரு வெள்ளைக்காரப் பெண். நல்ல மனிசி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் முகம் சிவந்து தோல் உரிந்தாலும் கரையை விட்டுப் போகமாட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்லவேண்டும். முதல் கூட்டத்தில் 'கண்ணியமான வேலை' என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, பெரியக்கா கையில் பிடித்திருந்த திரளி மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் செய்தது என்ன வேலை பிள்ளை?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று தலைவி கேட்டார். நல்ல வரவேற்பு என்று சொல்லி வைத்தேன்.

கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலையை ஏற்றிய தோணி கரையின் ஒரு முனையிலிருந்து புறப்படும். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் பெரிய வளைவாகப் போய் வலையை இறக்கி, மற்றக் கயிற்றோடு கரையின் மறு முனைக்கு வந்து சேரும். பிறகு இரண்டு பக்கமும் ஆண்கள் வரிசையாக நின்று இழுக்கவேண்டும். காலையில் தொடங்கினால் வலையின் மடி, மீன் சேரும் பை, கரையைத் தொட மத்தியானம் ஆகிவிடும். நடுவில், மடி வந்து சேரும் இடத்துக்கு நேரே, சம்மாட்டியாரின் வாடி. சம்மாட்டி என்றால் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். அந்த ஓலை வாடியைச் சுற்றித்தான் பெண்களின் வேலையெல்லாம். நேற்றுக் காயப்போட்ட கருவாட்டைப் புரட்டுவது, உப்புத் தொட்டியைக் கழுவுவது, மடி வந்ததும் மீனை இனம் இனமாகத் தெரிவது.

முந்தி வாடிக்குப் பின்னால் தாழம்பத்தை அடர்ந்து கிடந்ததாம். ஒதுங்குவதற்கு அது போதும். இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது, கண்ணிவெடி எடுப்பதற்காகப் பத்தையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கியிருந்தது. இப்போது வாடிக்குப் பின்னால் வெட்டவெளி மணல், அதற்குப் பின்னால் இராணுவ முகாமின் முட்கம்பி வேலி, வேலிக்குள் ஒரு காவலரண். அந்தக் காவலரணில் எந்த நேரமும் ஒருவன் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பாவம், அவனுடைய வேலை அது. ஆனால் பெண்களுக்கு எங்கே போக்கிடம்? விடியமுன் வீட்டில் ஒதுங்கிவிட்டு வந்தால் பின்னேரம் வீட்டுக்குப் போய்த்தான். அதுவரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. உச்சி வெயிலில், உப்புக்குள் நின்றுகொண்டு.

அவர்களில் ஒருத்திக்கு இது உயிர்ப் பிரச்சினையாகிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும். மலைநாட்டிலிருந்து தோட்டத்தை விட்டு வந்து பூவரசங்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பெண். முல்லைத்தீவில் கலியாணம் செய்து, புருசன் போனபிறகும் பிள்ளைகளோடு இங்கேயே நின்றுவிட்டாள். எங்களைப் போலத்தான் கதைப்பாள். பயம் வந்தால் மட்டும் பேச்சில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அடிக்கடி காய்ச்சல், நாரி நோவு, சலம் போகும்போது எரிவு. அவளுடைய தகப்பன் சிறுநீரகம் பழுதாகி, வவுனியாவில் மெஷினில் இரத்தம் சுத்திகரித்துச் சுத்திகரித்தே செத்துப்போனவர். அந்த மெஷின் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு ஒருநாள் வாயாலேயே செய்து காட்டினாள். செய்துவிட்டுச் சிரிக்கவில்லை.

கரையில் மலசலகூடம் ஒன்று கட்டவேண்டும் என்று நான் நின்ற பிடி சும்மா பிடி இல்லை. இணையவழிக் கூட்டம் ஒன்றில் கொழும்பு அலுவலகத்தில் இருந்த ஒருவர், மலசலகூடம் சுகாதாரத் திட்டத்துக்குள் வரும், எங்களுடையது தொழிலாளர் திட்டம் என்றார். உயிர்காப்பு அங்கி கேளுங்கள் தரலாம் என்றார். "ஐயா, கரையில் இருந்து கருவாடு புரட்டுகிறவளுக்கு உயிர்காப்பு அங்கி எதற்கு?" என்று கேட்டேன். கணினித் திரையில் எல்லோர் முகங்களும் அப்படியே உறைந்து நின்றன. இணைப்புக் கோளாறோ, என் வாய்க் கோளாறோ தெரியாது. கடைசியில் தலைவிதான் எனக்காக நின்றார். ஒரு பெண் தன் வேலையிடத்தில் சலம் கழிக்க முடியாவிட்டால் அது தொழிலாளர் பிரச்சினை இல்லாமல் வேறென்ன என்று அவர் எழுதியதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை. அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும் போல இருந்தது.

இடத்தைப் பெண்களே தெரிவு செய்யட்டும் என்றார் தலைவி. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து வலை போடாமல் இருந்த காலம் அது. ஆண்கள் ஒருவரையும் சேர்க்காமல் பெண்கள் மட்டும் கரையில் கூடினோம். வாடிக்குப் பக்கத்தில் வேண்டாம், ஆம்பிளைகள் இருந்து பார்ப்பான்கள் என்றார்கள். காவலரணுக்கு நேரே வேண்டாம். கரையின் வடக்கு முனையில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருக்கிறது, இரண்டு பூவரசு நிற்கிறது, அதன் மறைவில் கட்டுங்கோ என்று எல்லோரும் ஒரே வாயாகக் காட்டினார்கள். நானும் போய் நின்று பார்த்தேன். அந்த இடத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அழகாகக் கட்டினோம். உள்ளே கொக்கி, வெளியே பூட்டு, தண்ணீர்த் தொட்டி, கை கழுவ ஒரு குழாய். ரிப்பன் வெட்டி, வடை பகிர்ந்து, படம் எடுத்தோம். சம்மாட்டியாரும் வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். பிறகு காற்று மாறிக் கடல் அடங்கி, வலை போடத் தொடங்கியது. நான் போய்ப் பார்த்தால் மலசலகூடத்துப் பூட்டில் துரு ஏறுகிறது. ஒருத்தியும் போவதில்லை. ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். "நீங்கள் காட்டின இடத்திலதானே கட்டினது? வெள்ளைக்காரிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று வாடிக்குள்ளேயே நின்று கத்தினேன். அவள்தான், அந்த மலைநாட்டுக்காரிதான், மெல்லக் கையை நீட்டி வடக்குப் பக்கம் காட்டினாள். "கயிறு மிஸ்," என்றாள்.

பார்த்தேன். எங்களுக்கும் மலசலகூடத்துக்கும் நடுவில் வடக்குக் கயிறு கடலிலிருந்து ஏறி வந்து, முழங்கால் உயரத்தில் விறைத்துப்போய், இழுக்கிற ஆண்களின் கைகள் வழியாக வேலியடிவரை ஓடியது. தெற்கே மற்றக் கயிறு. முன்னால் கடல், பின்னால் முட்கம்பி. வலை கடலில் கிடக்கும்போது பெண்பிள்ளை கயிற்றைக் கடக்கக் கூடாது. அது அந்தக் கரையின் வழக்கம். கடந்தால் துடக்கு, தீட்டுப் பட்டு மீன் மடியை விட்டுப் போய்விடும் என்பார்கள். வலை போட்ட பிறகு பெண்கள் கயிறுகளுக்கு நடுவில்தான். இடம் காட்டின அன்றைக்கு வலை கடலில் இல்லை. கயிறு சுருட்டிக் கிடந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கரையிலேயே கிடந்தவர்கள் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. "ஐயோ, அறுந்துபோவான்ர கயிறு!" என்று பெரியக்காவே தலையில் கை வைத்தார். சாமி வரம் தந்தாலும் பூசாரி இடம் கொடான் என்பார்கள். இங்கே பூசாரி ஒரு கயிறு.

தலைவிக்கு விளங்கப்படுத்தியபோது, "கயிறுதானே, தாண்டிப் போகலாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு ஏனோ சுருக்கென்று ஏறியது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் துடக்கு நாட்களில் அம்மா நெல்லுக் குவித்த களத்துப் பக்கம் போகமாட்டார். கம்பஸில் படித்த என்னையும் போக விடமாட்டார். நான் வாயால் வெட்டிப் பேசுவேனே தவிர, களத்துக்குள் காலை வைத்ததில்லை. நெல்லு குறைந்தால் என்று ஒரு பயம். நம்பிக்கை இல்லை, பயம். இரண்டும் வேறு வேறு. இதை எந்த ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்வேன்? கொஞ்சம் பொறுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

சம்மாட்டியாரிடம் போனேன். கெட்ட மனிசன் இல்லை. கதிரை போட்டு இருத்தி, இளநீர் வெட்டித் தந்துவிட்டுத்தான் கதைப்பார். கயிறுகளுக்கு நடுவில் இன்னொன்று கட்டலாமா என்று கேட்டேன்.

"மடி வாற வாசலில கக்கூசோ தங்கச்சி? நல்ல கதை!"

"அப்ப கயிறைக் கடந்து போகச் சொல்லுங்கோ."

"நான் சொல்லலாம். நாளைக்கு மீன் படாட்டில் அந்தப் பொம்பிளையைத்தான் எல்லாரும் தின்னுவாங்கள். இழுக்கிறவங்கள் என்ர கையில இல்லைப் பாருங்கோ. அவளோட ஒரு கரையில நிக்கமாட்டம் எண்டு சொன்னாங்களெண்டால் நான் என்ன செய்யிறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளிடமும் கேட்டுப் பார்த்தேன். "மத்தவைக்கு இங்க சொந்தம் பந்தம் இருக்கு மிஸ். நான் வந்தவள். வலை வெறுமையாய் வந்தால் என்னை வைச்சிருப்பினமா? இந்த வேலையை விட்டால் பிள்ளையளுக்கு என்ன வழிங்க?" என்றாள். அந்த 'ங்க' வந்ததும் நான் பேச்சை விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலை. நான் போய் இறங்கும்போது அவள் வாடியடி மணலில் சுருண்டு கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். தோணி இன்னும் வலையோடு கரையில்தான் நின்றது. சம்மாட்டியார் தானே போன் எடுத்து ஓட்டோவைக் கூப்பிட்டார். "நீரும் கூடப் போம், தனிய விடாதையும்" என்று பெரியக்காவையும் அவரே ஏற்றிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஆசுப்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் இளம் பெடியன். சோதித்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டார், குளிசை எழுதினார். பிறகு கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு இருந்தார். "அம்மா, மருந்தால நான் ஒருக்கால் மாத்துவன், ரெண்டுதரம் மாத்துவன். நீங்கள் தண்ணி குடியாமல் இப்பிடியே அடக்கிக்கொண்டிருந்தால் கடைசியில மெஷின்தான்" என்றார். மெஷின் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பெரியக்காவின் கையைப் பிடித்தாள். பெரியக்கா அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை. வாசலில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி, மூடியைத் திறந்து அவள் கையில் கொடுத்து, முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கரைப் பக்கம் வந்தால், கரை முழுக்கச் சூடை மீன். அப்படி ஒரு பிடி அந்தப் பருவத்தில் பட்டதே இல்லையாம். லொறி ஏற்றிக் களைத்துப்போய், ஆண்கள் மணலில் மல்லாக்கக் கிடந்தார்கள். சம்மாட்டியார் ஒரு பை நிறையச் சூடையைக் கட்டி, "வருத்தக்காரிக்குக் கொண்டுபோய்க் குடும்" என்று பெரியக்காவிடம் நீட்டினார்.

அடுத்தநாள் அவள் வேலைக்கு வந்து நின்றாள். "உமக்கென்ன விசரே?" என்று பாய்ந்தேன். வீட்டில் கிடந்தால் அடுப்பு எரியாது மிஸ் என்றாள். ஆனால் கையில் நீலப் போத்தல் இருந்தது. கருவாட்டைப் புரட்டப் புரட்டக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். மற்றப் பெண்கள் அவளைப் பார்ப்பதும் கயிற்றைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். எனக்குக் குடிக்கிறாளே என்று சந்தோசம், குடித்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் பயம்.

வெயில் ஏறிய நேரம் எழும்பினாள். சீலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வடக்கே நடந்தாள். கயிற்றடியில் ஒருமுறை நின்றாள். பிறகு ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள், மற்றக் காலையும் எடுத்தாள்.

"ஏய்!" என்று இழுக்கிறவர்களில் ஒருவன் கத்தினான். இன்னொருவன் காறித் துப்பினான். கயிறு ஒரு கணம் தொய்ந்தது. கடல் இழுத்ததும் திரும்பவும் பிடித்துக்கொண்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மலசலகூடத்துக் கதவு திறந்து மூடும் சத்தம் வாடிவரை கேட்டது. கொஞ்ச நேரத்தால் வந்து அதே கயிற்றைத் திரும்பவும் கடந்து, தன் இடத்தில் குந்திக் கருவாட்டைப் புரட்டினாள். எனக்கு அழுகை வந்தது. அம்மாளாச்சி, இன்றைக்கு மட்டும் மீனைக் குடு என்று, கோயிலுக்கே ஒழுங்காகப் போகாத நான், மனதுக்குள் கும்பிட்டேன்.

அம்மாளாச்சிக்கு அன்றைக்கு வேறு அலுவல் போல. மடி கரை ஏறியது. திறந்தால் பாசி. பாசிக்குள் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் நெத்தலி, நாலைந்து முரல். அவ்வளவுதான்.

பிறகு துப்பியவன், "நேற்று அந்தப் பிடி பட்ட கடல். இண்டைக்குப் பார். நான் இதுக்கு மேல என்ன சொல்ல?" என்றான். எல்லோருடைய கண்ணும் அவள்மேல். சம்மாட்டியார் வாடிக்குள்ளிருந்து வந்து பாசிக் குவியலைக் காலால் தட்டிப் பார்த்தார். அவள் எழும்பித் தன் ஓலைக் கடகத்தை எடுத்தாள்.

"நான் போறேங்க," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுகாதாரம், எல்லாம் தொண்டைவரை வந்தன. அந்த இடத்தில் செல்லக்கூடிய ஒரு சொல் அவற்றுக்குள் இருக்கவில்லை.

"ஏனடி போறாய்?" என்றது ஒரு குரல். பெரியக்கா. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஆண்களுக்கு முன்னால் போய் நின்றார். "நேற்று நான் கயிறு கடந்தனான். அங்க தெரியிற கக்கூசுக்குத்தான் போனனான். நேற்றுப் பட்ட சூடை ஆராலையாம்? ஒருத்தனும் எனக்கு ஒரு நன்றி சொல்லேல்லை!"

பின்னாலிருந்து இன்னொருத்தி, "முந்தநாள் நானும் கடந்தனான்," என்றாள். "போன கிழமை நான்," என்றாள் வேறொருத்தி.

ஆண்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். நேற்று வலை கடலில் கிடந்த நேரம் பெரியக்கா கரையிலேயே இல்லை. அந்தக் கரையில் அவருடைய சத்தம் கேட்காத ஒரு நாளை யாரும் மறந்துவிட முடியாது. எல்லோரும் சம்மாட்டியாரைப் பார்த்தார்கள். பெரியக்காவை ஓட்டோவில் ஏற்றிவிட்டவரே அவர்தான்.

அவர் பெரியக்காவை நன்றாகப் பார்த்தார்.

"நேற்று நீர் கடந்தனீரோ?"

"ஓம். கடந்தனான்."

சம்மாட்டியார் துவாயை உதறித் தோளில் போட்டார். "அப்பிடியெண்டால் நாளைக்கும் கடந்து போட்டு வாரும்," என்று சொல்லிவிட்டு வாடிக்குள் போனார்.

அவள் கடகத்தைக் கீழே வைத்துவிட்டு, நெத்தலி பொறுக்கக் குந்தினாள்.